கவர்னர் பிட்டின் வைரம்

1697-ஆம் ஆண்டு செப்டம்பர் 5. வட அமெரிக்காவின் வடபகுதியில், ஆண்டில் பல மாதங்கள் பனியில் உறைந்து கிடக்கும் ஹட்சன் விரிகுடாவில் ஒரு கடற்போர் நடந்தது. ஒரே ஒரு பிரெஞ்சுப் போர்க்கப்பல் மூன்று ஆங்கிலக் கப்பல்களை எதிர்த்து நின்று வென்றது. அதன் பயனாக, ஹட்சன் விரிகுடாக் கும்பினியாரின் தலைசிறந்த வாணிபக் கோட்டையான யார்க் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இத்தனை சண்டையும் எதற்காக? ஒரு கொறிவிலங்கின் தோலுக்காக!

அதே ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் லண்டனில் கூடிய இன்னொரு கும்பினி, வெகு தொலைவிலிருந்த தன் கோட்டை ஒன்றுக்குப் புதிய கவர்னரை நியமித்தது. அந்தக் கோட்டை நமது சென்னையில் உள்ள செயின்ட் ஜார்ஜ் கோட்டை. கவர்னரின் பெயர் தாமஸ் பிட். தோல் வாணிபக் காலத்துக் கவர்னர் எப்படிப்பட்ட மனிதர், எப்படிப் பிழைத்தார், எப்படிச் செல்வம் சேர்த்தார் என்பதை அறிய நாம் கனடா வரை போக வேண்டியதில்லை. நம் கடற்கரையிலேயே ஒருவர் இருந்திருக்கிறார்.

இரு கும்பினிகளும் உடன்பிறப்புகள் எனலாம். கிழக்கிந்தியக் கும்பினிக்கு 1600 டிசம்பர் 31-இல் எலிசபெத் அரசியும், ஹட்சன் விரிகுடாக் கும்பினிக்கு 1670 மே 2-இல் இரண்டாம் சார்லசு மன்னரும் பட்டயம் அளித்தனர். இரண்டுக்கும் தனியுரிமை உண்டு. அதாவது அந்தக் கடலில் வேறு எந்த ஆங்கிலேயனும் வாணிபம் செய்யலாகாது. கடற்கரையில் ஒரு கோட்டை, அதனுள் ஒரு கிடங்கு, கிடங்குக்குக் காவலாகப் பீரங்கிகள், எல்லாவற்றுக்கும் மேலே கவர்னர் என்ற பட்டத்துடன் ஒரு வியாபாரி. அமைப்பு ஒன்றே. சரக்குத்தான் வேறு.

அங்கே சரக்கு பீவர் என்னும் விலங்கின் தோல். பீவரின் முரட்டு மேல்மயிருக்கு அடியில் பஞ்சு போன்ற மெல்லிய அடிமயிர் உண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் அம்மயிரின் மேல் நுண்ணிய செதில்கள் கொக்கிகளைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும். வெப்பமும் ஈரமும் அழுத்தமும் கொடுத்தால் மயிர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நெய்யாமலே ஒரு கெட்டித் துணி உருவாகும். மழைக்கும் உருக்குலையாத அத்துணியால் செய்த தொப்பியே ஐரோப்பியச் சீமான்களின் அந்தஸ்துக்கு அடையாளமாக இருந்தது. இந்த மோகம் எவ்வளவு தூரம் போயிற்றென்றால், ஹட்சன் விரிகுடாவில் நாணயமே பீவர் தோல்தான். துப்பாக்கிக்கு இத்தனை பீவர், கெண்டிக்கு இத்தனை பீவர் என்றே விலை சொன்னார்கள்.

இங்கே சரக்கு துணி. சோழமண்டலக் கரையின் நெசவாளர்கள் நெய்த நீலத் துணியும், சாயம் எழுதிய சீட்டித் துணியும் லண்டன் ஏலக் கிடங்குகளில் போட்டி போட்டு விலை போயின. உள்ளூர் வணிகர்களுக்குக் கும்பினி முன்பணம் கொடுக்கும். அவர்கள் அதைத் தறிக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துத் துணி வாங்கிக் கொடுப்பார்கள். கனடாவில் வேட்டையாடிய செவ்விந்தியக் குடிகளுக்குத் துப்பாக்கியும் கம்பளியும் கடனாகக் கொடுத்து அடுத்த பருவத்துத் தோலை வாங்கிக்கொண்ட முறைக்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. முன்பணம் வாங்கியவன் விலை பேச முடியாது என்பது இரு கரைகளிலும் பொருந்தும். பின்னாளில், 1734-ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்னும் இன்னொரு பிட் கவர்னராக இருந்தபோது நெசவாளர்களைக் குடியமர்த்துவதற்கென்றே உருவாக்கிய பேட்டைதான் சென்னையின் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதன் மரூஉ என்பர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த எங்கள் அருப்புக்கோட்டைச் சீமையார்க்கு இந்தப் பெயர் சட்டென்று விளங்கிவிடும். அருகிலுள்ள குமாரலிங்கபுரத்தை 2023-ஆம் ஆண்டில் மத்திய அரசின் பெரிய ஜவுளிப் பூங்காவுக்குரிய இடமாக அறிவித்தபோதும் அந்தப் பழைய கும்பினிக் கிடங்குகள் என் நினைவுக்கு வந்தன. நிற்க.

இரு கும்பினிகளுக்கும் இடையே ஒரு முக்கிய வேற்றுமை உண்டு. ஹட்சன் விரிகுடாவில் ஊழியர்கள் தம் சொந்தக் கணக்கில் தோல் வாணிபம் செய்வது குற்றம். கிழக்கிந்தியக் கும்பினியோ ஐரோப்பாவுக்குப் போகும் துணி வாணிபத்தை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு, ஆசியத் துறைமுகங்களுக்கு இடையே நடக்கும் வாணிபத்தைத் தன் ஊழியர்களுக்கு விட்டுவிட்டது. வைரத்தையும் தனியார் வாங்கி அனுப்பலாம். கும்பினிக்கு ஒரு தீர்வை கட்டினால் போதும். துணி கிடங்கை அடைத்துக்கொள்ளும். வைரமோ உள்ளங்கையில் அடங்கும். இந்தியாவில் சேர்த்த பணத்தை இங்கிலாந்துக்குக் கொண்டுபோக அதைவிடச் சிறந்த வழி இல்லை. பிட்டுக்கு முன் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்த எலிஹு யேல் இவ்வழியில் பெரும் பொருள் ஈட்டியவர். அவர் பெயர்தான் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்கு இன்றும் வழங்குகிறது.

கள்ள வியாபாரி கவர்னராகிறார்

தாமஸ் பிட் 1653-இல் தென் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். இருபத்தோராவது வயதில் கப்பலேறி வங்கக் கரையிலுள்ள பாலசோருக்கு வந்து சேர்ந்தவர், கப்பலைவிட்டு இறங்கியதும் மறுபடி ஏறவில்லை. கும்பினியின் அனுமதியின்றித் தாமாகவே வாணிபம் தொடங்கினார். இப்படிப்பட்டவர்களைக் கும்பினியார் ‘அத்துமீறிகள்’ என்று வெறுத்தார்கள். அவரைப் பிடிக்க உத்தரவு வந்தது, பிடிபடவில்லை. 1682-இல் வங்காளத்துக் கும்பினித் தலைவராக ஹெட்ஜஸ் என்பவர் லண்டனிலிருந்து புறப்பட்டபோது, பிட்டைக் கைது செய்யும் ஆணையும் அவரிடம் இருந்தது. பிட் வேறொரு கப்பலில் ஏறி அவருக்கு முந்தி ஹூக்ளியில் இறங்கி, தாரை முழங்க, ஏதோ ஒரு புதுக் கும்பினியின் தலைவர் போல ஊர்வலம் வந்து, உள்ளூர் அதிகாரிகளிடம் வாணிப அனுமதியும் பெற்றுவிட்டார்! நாடு திரும்பியதும் வழக்குப் போட்டுக் கும்பினியார் அவருக்கு அபராதம் வாங்கிக் கொடுத்தனர். 1,000 பவுனாக இருந்த அபராதம் பிறகு 400 பவுனாகக் குறைந்தது. அவர் ஈட்டியிருந்த பொருளுக்கு முன் இது தூசு.

அப்பணத்தில் அவர் வாங்கிய சொத்துகளுள் ஒன்று வேடிக்கையானது. பழைய சாரம் என்பது இங்கிலாந்தில் ஆளொழிந்த ஒரு மேடு. ஆனால் முற்கால வழக்கப்படி அதற்குப் பாராளுமன்றத்தில் இரண்டு இடங்கள் உண்டு. வாக்காளர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த நிலத்தை வாங்கியவர் பாராளுமன்ற இடத்தையும் வாங்கியவரானார். 1832-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் வந்துதான் இந்தக் கேலிக்கூத்து நின்றது.

1693-இலும் அவர் ஒரு முறை அத்துமீறிக் கப்பல் அனுப்பவே, இவரை வெளியே விட்டுவைப்பதைவிட உள்ளே இழுத்துக்கொள்வதே மேல் என்று கும்பினியார் முடிவுக்கு வந்தனர். கள்ளனைக் காவற்காரனாக்கிய கதைதான். 1698 ஜூலையில் பிட் சென்னையில் வந்திறங்கினார். சம்பளமும் படியுமாக ஆண்டுக்கு 300 பவுன். இந்தத் தொகையை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முற்றுகையும் வீதிச் சண்டையும்

அவர் வந்த காலம் நெருக்கடியானது. கோல்கொண்டா சுல்தானகம் 1687-இல் அவுரங்கசீப்பிடம் வீழ்ந்து, கர்நாடகப் பகுதி முகலாய ஆட்சிக்குள் வந்திருந்தது. லண்டனில் போட்டியாக ஒரு புதிய கிழக்கிந்தியக் கும்பினியும் தோன்றிவிட்டது. அதன் சார்பில் மசூலிப்பட்டணத்தில் தலைவராக வந்தவர் ஜான் பிட்; நம்மவருக்கு உறவினர். உறவினரோடும் போட்டிக் கும்பினியோடும் கடிதப்போர் நடத்துவதில் தாமஸ் பிட்டின் நேரத்தில் பெரும்பகுதி கழிந்தது. அவர் கடிதங்களைப் படிப்போர்க்கு அவருடைய சீற்றம் இன்றும் சுடும்.

முகலாயத் தளபதி தாவூத்கான் 1701-இல் சென்னைக்கு வந்தபோது பிட் அவருக்குப் பெருவிருந்து வைத்தார். மதுவில் அவருக்கிருந்த பிரியம் அறிந்து புட்டிகளும் அனுப்பினார். ஆனால் கடற்கொள்ளையர் தொல்லையால் சினந்த அவுரங்கசீப், ஐரோப்பியரின் சரக்குகளைப் பறிமுதல் செய்ய ஆணையிட்டார். அதை நிறைவேற்ற 1702 பிப்ரவரியில் தாவூத்கான் சென்னையைச் சூழ்ந்தார். மூன்று மாத காலம் உள்நாட்டிலிருந்து சரக்கும் தானியமும் வராமல் ஊர் தவித்தது. மே மாதம் 25,000 ரூபாய் கொடுத்துச் சமாதானமாயிற்று. அதே தாவூத்கான் 1708-இல் திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு ஆகிய ஐந்து ஊர்களைக் கும்பினிக்கு அளித்ததும் பிட் காலத்தில்தான்.

1707-இல் வலங்கை, இடங்கைச் சாதியினரிடையே எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போவது, யார் குடியிருப்பது என்று கலவரம் மூண்டது. பிட் பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினருக்கும் முத்தியாலுப்பேட்டையை இடங்கையினருக்கும் எனப் பிரித்தார். வலங்கையினர் பலர் கோபித்துக்கொண்டு சாந்தோமுக்குப் போய்விட்டனர். பிட் ஒரு புறம் மிரட்டி, மறு புறம் சமாதானம் பேசித் திரும்ப அழைத்தார். வண்ணாரும் சாயக்காரரும் தறிக்காரரும் வெளியேறினால் கப்பலுக்குத் துணி கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். சாதியைப் பற்றிய அக்கறையைவிடச் சரக்கைப் பற்றிய அக்கறையே இதில் மிகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் ஏற்பாட்டில் தயாரித்த சென்னை நகரப் படம் வரலாற்றாசிரியர்களுக்கு இன்றும் துணைபுரிகிறது.

303 மஞ்சாடி

இனி வைரத்துக்கு வருவோம். 1701 இறுதியில், ஜாம்சந்த் என்னும் புகழ்பெற்ற வைர வணிகர் கவர்னரிடம் ஒரு பட்டை தீட்டாத கல்லைக் கொண்டு வந்தார். உடன் வந்தவர் ஆங்கிலக் குறிப்புகளில் ‘வின்கட்டி சிட்டி’ ஆகியிருக்கும் ஒருவர். வெங்கடச் செட்டி என்று கொள்ளலாம். கல்லின் எடை 303 மாஞ்செலின். இந்த மாஞ்செலின் வேறொன்றுமில்லை, நம் மஞ்சாடிதான்! குண்டுமணியைப் போலவே பொற்கொல்லரின் தராசில் ஏறிய சிவப்பு விதை. ஐரோப்பியர் கணக்கில் அது 410 காரட் என்றார்கள். காரட் என்பதும் கராப் என்னும் மரத்தின் விதையிலிருந்து வந்த எடைதான். ஊருக்கு ஊர் சற்று மாறுபட்ட காரட்டை 0.2 கிராம் என்று நிலைப்படுத்தியது 1907-ஆம் ஆண்டில். பழைய ஆங்கிலக் காரட் ஏறத்தாழ 0.205 கிராம். அப்படியானால் அக்கல் சுமார் 84 கிராம். 303-ஆல் வகுத்தால் ஒரு மஞ்சாடிக்கு 0.277 கிராம். வாசகர்கள் பத்து மஞ்சாடி விதைகளைக் கல்லூரியின் நுண்தராசில் நிறுத்துப் பார்த்து இந்தக் கணக்கோடு ஒப்பிடலாம்.

ஜாம்சந்த் கேட்ட விலை 2,00,000 வராகன். பிட் சொன்னது 30,000. வணிகர் எழுந்து போனார், மீண்டும் வந்தார், மீண்டும் போனார். பல வாரப் பேரத்துக்குப் பின் 48,000 வராகனுக்கு முடிந்தது. அன்றைய மாற்று விகிதத்தில் இது 20,400 பவுன். இப்போது அந்தச் சம்பளத் தொகையை நினைவுகூர்வோம். ஆண்டுக்கு 300 பவுன் ஊதியம் பெறும் கவர்னர், ஒரு செப்புக்காசும் செலவழிக்காமல் 68 ஆண்டுகள் சேர்த்தால்தான் இத்தொகை வரும்! அவர் பதவியேற்று அப்போது நான்கு ஆண்டுகள்கூட நிறைவுறவில்லை. சொந்த வாணிபம் எவ்வளவு பெருத்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1702 அக்டோபரில் பிட்டின் மூத்த மகன் ராபர்ட் அக்கல்லுடன் கப்பலேறினார். காலணியின் குதிகாலில் மறைத்து எடுத்துச் சென்றார் என்பது கதை. ஐரோப்பாவில் அப்போது ஸ்பானிய வாரிசுரிமைப் போர் மூண்டிருந்தது. பணமெல்லாம் பீரங்கிக்குப் போய்க்கொண்டிருக்கும் வேளையில் எந்த அரசன் வைரம் வாங்குவான்? பிட்டின் லண்டன் முகவர் இதைச் சொல்லி எச்சரித்துக் கடிதம் எழுதினார். ஆனால் கடிதம் வந்து சேருமுன் பணம் கைமாறிவிட்டது. எஞ்சிய ஏழு ஆண்டுகளும் பிட் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, அனுப்பிய கல் என்னவாயிற்றோ என்று கப்பலுக்குக் கப்பல் கவலைக் கடிதம் எழுதினார்.

மூன்றில் இரண்டு பங்கு தூளாகிறது

தோண்டியெடுத்த வைரம் பார்ப்பதற்கு மங்கலான கண்ணாடித் துண்டு போலவே இருக்கும். அதன் ஒளி பட்டை தீட்டும்போதுதான் பிறக்கிறது. இதன் காரணம் மேல்நிலைப் பள்ளி மாணவர்க்கும் விளங்கக்கூடியதே. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. ஒளி அடர்மிகு ஊடகத்திலிருந்து காற்றுக்கு வெளியேறும்போது, படுகோணம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும். இதுவே முழு அகப் பிரதிபலிப்பு. அந்த மாறுநிலைக் கோணம் கண்ணாடிக்கு ஏறத்தாழ 42 பாகை, வைரத்துக்கு 24.4 பாகைதான். ஆகவே வைரத்துக்குள் நுழைந்த ஒளி எளிதில் தப்ப முடியாது. அடிப்பட்டைகளைச் சரியான சாய்வில் அமைத்தால், மேலிருந்து புகுந்த ஒளி அடியில் ஒழுகிவிடாமல் இரண்டு முறை பிரதிபலித்து மேற்புறமே திரும்பி வரும். வழியில் நிறப்பிரிகையும் நேர்வதால் வண்ணங்கள் தெறிக்கும். சாய்வு தவறினால் ஒளி கீழே போய்விடும். கல் செத்த மீனின் கண் போலிருக்கும்.

இந்தியக் கல்வினைஞர்கள் எடையைக் காப்பதையே குறியாகக் கொண்டார்கள். கல்லின் இயல்பான வடிவத்தை ஒட்டியே சிறு சிறு பட்டைகள் இட்டுக் குறைகளை மறைத்தனர். ஐரோப்பியர் அக்காலத்தில் எடையைத் தியாகம் செய்து ஒளியைத் தேடும் முறைக்கு மாறிக்கொண்டிருந்தனர். பிட்டின் கல்லை லண்டனில் அவ்வாறே அறுத்தார்கள். வைரத்தை அறுக்க வைரத் தூள்தான் வேண்டும். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. சுமார் 5,000 பவுன் செலவாயிற்று. 410 காரட் கல் மெத்தை வடிவில் 140.64 காரட்டாகச் சுருங்கியது. இது இன்றைய மெட்ரிக் காரட். 84 கிராமில் மிஞ்சியது 28 கிராம். சிதறிய துண்டுகளைச் சிறு வைரங்களாக்கி விற்றதிலேயே அறுத்த செலவு திரும்பிவிட்டது. கோகினூரும் பின்னர் 1852-இல் இதே பாடுபட்டது. 191 காரட்டாக இருந்தது 105.6 ஆயிற்று. ஆனால் அதை அறுத்தது வீண் வேலை என்று பலர் குறை கூறினர். பிட்டின் கல்லை அப்படி யாரும் குறைகூறியதில்லை. ஒளியில் அதற்கு இணையான பெரிய வைரம் மிகச் சிலவே.

இதில் பௌதிக ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்த பொருத்தம் ஒன்று. லண்டனில் அந்தக் கல் பட்டறையில் இருந்த காலத்தில், 1704-இல், அதே நகரில் நியூட்டனின் ‘ஆப்டிக்ஸ்’ நூல் வெளியாயிற்று. அதில் பல பொருள்களின் ஒளிவிலகல் திறனை அவற்றின் அடர்த்தியோடு ஒப்பிடும் அட்டவணை ஒன்று உண்டு. வைரத்தின் விகிதத்தை நியூட்டன் 100-க்கு 41 என்று குறிக்கிறார், அதாவது 2.44. இன்றைய அளவுக்கு எவ்வளவு அருகில்! கற்பூரம், ஆலிவ் எண்ணெய், ஆளிவிதை எண்ணெய், டர்பென்டைன், அம்பர் முதலிய எரியும் பொருள்கள் தம் அடர்த்திக்கு மீறி ஒளியை விலக்குவதையும், வைரமும் அவற்றோடு சேர்வதையும் கண்ட நியூட்டன், வைரம் என்பது உறைந்துபோன ஓர் எண்ணெய்த்தன்மைப் பொருளாக இருக்கக்கூடும் என்று ஊகித்தார். அதாவது அது எரியக்கூடியது! எரித்துப் பார்க்காமல், ஒளி வளைவதை மட்டும் அளந்து செய்த ஊகம். 1772-இல் லவாசியே பெரிய குவிலென்சால் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்தார். பாத்திரத்தில் எஞ்சிய வாயு சுண்ணாம்பு நீரைப் பால் போலாக்கியது. 1797-இல் ஸ்மித்சன் டென்னன்ட், வைரமும் அதே எடையுள்ள கரியும் ஒரே அளவு கரியமில வாயு தருவதை மெய்ப்பித்தார். பிட் 48,000 வராகன் கொடுத்து வாங்கியது, அடுப்புக்கரியின் மறு உருவம். பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே, ஆயிரம் பாகை வெப்பத்திலும் நாம் எண்ணிப் பார்க்க இயலாத அழுத்தத்திலும் படிகமான கரி.

வதந்தி

1709-இல் பிட் பதவியிழந்தார். ஆலோசனைச் சபை உறுப்பினர் ஒருவரோடு மோதி அவரைச் சிறையிலிட்டதைக் கும்பினியார் விரும்பவில்லை. செப்டம்பர் 18-இல் கல்ஸ்டன் அடிசன் புதிய கவர்னரானார். கட்டுரை எழுதிப் புகழ்பெற்ற ஜோசப் அடிசனின் தம்பி அவர். ஒரே மாதத்தில் இறந்துபோனார். அக்காலத்துச் சென்னை, வெள்ளையர் பலருக்குச் செல்வத்துக்குப் பதிலாகக் கல்லறையைத்தான் கொடுத்தது.

பிட் நாடு திரும்புமுன்பே ஒரு வதந்தி அவரை முந்திக்கொண்டு போயிருந்தது. கவர்னர் வைரத்தை நேர்வழியில் வாங்கவில்லை, மிரட்டிப் பறித்தார் என்றது அது. வழியில் நார்வேயின் பெர்கன் நகரில் தங்கியிருந்த அவர், 1710 ஜூலையில் தம் கையால் ஒரு நீண்ட வாக்குமூலம் எழுதி வைத்தார். பேரத்தின் ஒவ்வொரு படியையும் அதில் விவரிக்கிறார். ஜாம்சந்தும் வெங்கடச் செட்டியும் மனமொப்பி விற்றதாகக் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கிறார். இன்னொரு கதையும் பரவியிருந்தது. சுரங்க அடிமை ஒருவன் தன் காலைக் கிழித்து அந்தக் காயக்கட்டுக்குள் கல்லை மறைத்துக் கொண்டுவந்தான். பாதி விலைக்குச் சம்மதித்து அவனைக் கப்பலேற்றிய ஆங்கிலத் தலைவன் ஒருவன் கல்லைப் பிடுங்கிக்கொண்டு அவனைக் கடலில் தள்ளி, ஜாம்சந்திடம் விற்றான் என்று.

அடிமையின் கதைக்கு ஆதாரம் கிடையாது. பிட்டின் வாக்குமூலத்தை நான் நம்புகிறேன். பேரத்தின் ஏற்ற இறக்கங்களை அவ்வளவு இயல்பாகக் கற்பனை செய்து எழுதுவது கடினம். ஆயினும் அந்த வாக்குமூலம் தொடாத கேள்வி ஒன்று உண்டு. கோல்கொண்டாச் சுரங்கங்களில் கிடைக்கும் பெரிய கற்கள் ஆட்சியாளருக்குரியவை என்பது விதி. இத்தனை பெரிய கல் எப்படி ஒரு வணிகர் கைக்கு வந்தது? கவர்னர் கேட்கவில்லை. வணிகரும் வெளிப்படையாக வேறெங்கும் கொண்டுபோய் விற்க இயலாது. கேட்ட விலையில் கால்பங்குக்கும் குறைவாகப் பேரம் படிந்ததற்குக் காரணம் பிட்டின் சாமர்த்தியம் மட்டுமாக இருக்க முடியாது.

அந்தக் கல்லை மண்ணிலிருந்து எடுத்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கிருஷ்ணா நதிக்கரையில் கொல்லூர் சுரங்கத்தைப் பிட்டுக்கு அரை நூற்றாண்டு முன்னர் பார்த்த பிரெஞ்சு வணிகர் தாவர்னியே, அங்கே ஆண், பெண், குழந்தைகள் உட்பட 60,000 பேர் வேலை செய்ததாக எழுதியுள்ளார். ஆண்கள் மண்ணை வெட்ட, பெண்களும் குழந்தைகளும் சுமந்து சென்று கொட்ட, நீரூற்றிக் கரைத்து, வெயிலில் காயவைத்து, முறத்தில் புடைத்துக் கல் பொறுக்கினார்கள். நெல் புடைக்கும் அதே வேலை.

விற்பனை

கல்லை வாங்க ஆளில்லாமல் பிட் தவித்த கதை நீண்டது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி மறுத்துவிட்டார். வீட்டில் வைத்திருந்தால் திருடர் பயம். ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு இரவு தூங்கமாட்டார் என்று ஊரார் பேசிக்கொண்டனர். இறுதியாக 1717-இல், சிறுவன் பதினைந்தாம் லூயியின் சார்பில் ஆட்சி நடத்திய ஆர்லியன்ஸ் கோமகன் அதை 1,35,000 பவுனுக்கு வாங்கச் சம்மதித்தார். 40,000 பவுன் ரொக்கம். மீதிக்கு அரச நகைகள் ஈடு. ஆட்சிப் பொறுப்பாளரைக் குறிக்கும் சொல்லே கல்லுக்குப் பெயராகி ‘ரீஜன்ட்’ வைரம் என்று வழங்கலாயிற்று.

வாங்கிய விலையைப்போல் 6.6 மடங்கு. கேட்பதற்குப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் பதினைந்து ஆண்டுகளுக்குக் கூட்டுவட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 13 சதவிகிதந்தான் வருகிறது. இத்தனை தூக்கமற்ற இரவுகளுக்கு அது பெரிய வட்டி அன்று என்பேன்.

1716-இல் ஜமைக்காவுக்குக் கவர்னராக நியமனம் பெற்ற பிட், அங்கே போகாமலே அப்பதவியைத் துறந்தார். 1726 ஏப்ரலில் இறந்தார். ஆனால் அவர் பணம் சாகவில்லை. பேரன் வில்லியம் பிட், 1735-இல் அதே பழைய சாரத்தின் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்து, பின்னர் ஏழாண்டுப் போரை நடத்திக் கனடாவைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து பறித்தார். ஹட்சன் விரிகுடாவைச் சூழ்ந்திருந்த பிரெஞ்சுத் தோல் வாணிபப் பேரரசு அதோடு முடிந்தது. கொள்ளுப்பேரன் இளைய வில்லியம் பிட் 1784-இல் கொண்டுவந்த சட்டம், கிழக்கிந்தியக் கும்பினியை அரசாங்கக் கட்டுப்பாட்டு வாரியம் ஒன்றின்கீழ் வைத்தது. கும்பினியை ஏமாற்றிப் பிழைத்தவரின் கொள்ளுப்பேரன் கும்பினிக்கு மூக்கணாங்கயிறு போட்டார்!

வைரம் 1722-இல் பதினைந்தாம் லூயியின் முடியில் ஏறியது. புரட்சியின்போது 1792-இல் களவு போய், மறு ஆண்டு பாரிசின் ஒரு மச்சு உத்தரத்துப் பொந்திலிருந்து மீண்டது. அடகு போய், 1801-இல் நெப்போலியனால் மீட்கப்பட்டு, அவர் வாளின் கைப்பிடியில் பதிந்தது. 1887 முதல் அது லூவர் காட்சியகத்தில் இருக்கிறது. 2025 அக்டோபரில் பட்டப்பகலில் நகைத் திருடர் அக்கூடத்துக்குள் நுழைந்து எட்டு அரிய நகைகளை அள்ளிச் சென்றனர். இந்தக் கல்லை அவர்கள் தொடவில்லை. ஹட்சன் விரிகுடாக் கும்பினியின் கடைகள் அதே 2025-இல் கடனில் மூழ்கி மூடப்பட்டன. கொல்லூர் சுரங்கக் குழிகள் இருந்த இடத்தில் இன்று புலிச்சிந்தலா அணையின் நீர் நிற்கிறது.